நெயில் பாலிஷ் குறி

வேலப்பன்சாவடியில், பெங்களூர் நெடுஞ்சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி எங்கள் வீடு. மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அறை ஒன்றில் ஒலிப்பதிவு செய்கிறேன். குறும்படக்காரர்கள் வருவார்கள், சாமி பாட்டு பாடுகிறவர்கள் வருவார்கள், தேர்தல் வந்தால் வேட்பாளருக்கு ஓட்டுக் கேட்கும் குரல்கள் வரும். போன வாரம் டப்பிங் பேச ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். மைக் முன்னால் நிற்க வைத்து, "லெவல் குடும்மா" என்றேன்.

"ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன், டூ, த்ரீ."

பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்குகிறதோ என்று பயந்து பேசுகிற மாதிரி இருந்தது. நான் கெயின் குமிழைத் தொடவே இல்லை. "இது வேணாம்மா. அண்ணன்கிட்ட சண்டை போடுற சீன் இருக்கில்ல, அதைப் பேசு" என்றேன். பேசினாள். பதிவுப் பெட்டியிலிருந்த பச்சை வளையம் ஒரே தாவலில் சிவப்புக்குப் போனது. அப்போதுதான் குமிழை இடப்பக்கம் கொஞ்சம் திருப்பினேன்.

"அங்கிள், நான் சாதாரணமாத்தானே பேசினேன்?"

எல்லோரும் இதையேதான் கேட்பார்கள். லெவல் கொடு என்று கேட்டால் மனிதர்கள் பொய்தான் சொல்வார்கள். வேண்டுமென்று சொல்வதில்லை; வெள்ளோட்டத்தில் யாருக்கும் உண்மைக் குரல் வருவதில்லை. நாற்பது வருடமாக இந்தப் பொய்யைக் கழித்துக்கொண்டு குமிழ் திருப்புவதுதான் என் தொழில்.

கெயின் என்பதை வால்யூம் என்றே பலர் நினைக்கிறார்கள். வால்யூம் என்பது கேட்கிறவருக்கு எவ்வளவு வேண்டும் என்பது. கெயின் அதற்கு வெகு முன்னால், வாசலிலேயே நடக்கிற காரியம். மேடைகளில் காண்கிற சாதாரண மைக்கின் முன் ஒருவர் பேசினால் அதிலிருந்து வருவது ஒரு மில்லிவோல்ட்டுக்கும் கீழே. பதிவுக் கருவிகள் எதிர்பார்ப்பதோ ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேலே. இடையில் ஆயிரம் மடங்கு பெருக்க வேண்டும். எங்கள் கணக்கில் 60 டெசிபெல். அந்தப் பெருக்கலை மைக் ப்ரீஆம்ப் செய்கிறது. இங்கே குறைவாக வைத்துவிட்டுப் பிறகு ஏற்றினால், பின்னால் வரும் கருவிகளின் இரைச்சலும் சேர்ந்து ஏறும். அதிகமாக வைத்தால் அலையின் தலை சீவப்பட்டுவிடும். அதைப் பிறகு எந்தச் சாமியாலும் ஒட்டவைக்க முடியாது. கிணற்றிலிருந்து இறைக்கும்போதே கலங்கிய தண்ணீரை எத்தனை குடம் மாற்றி ஊற்றி என்ன பயன்?

இந்த விஷயம் எனக்கு முதலில் தெரிந்தது அப்பாவிடம். அவர் மைக்செட் வைத்திருந்தார். அகூஜா ஆம்ப்ளிஃபயர் ஒன்று, நான்கு குழாய் ஸ்பீக்கர், இரண்டு மைக், கார் பேட்டரி, சைக்கிள். ஆடி மாதம் வந்தால் எங்கள் சுற்றுப்புறத்து அம்மன் கோயில்களில் எல்.ஆர். ஈஸ்வரியின் குரல் விடியற்காலை முதல் ஒலிக்கும். அதில் பாதி அப்பாவின் குழாய்களிலிருந்துதான். ஒரு கல்யாணத்தில் எடுபிடிப் பையன் மைக் குமிழை எக்கச்சக்கமாகத் திருப்பிவிட, தாலி கட்டும் நேரத்தில் குழாய் ஊளையிட்டது. பெண் வீட்டார் கூலியில் பத்து ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பா அக்காவின் நெயில் பாலிஷை வாங்கி, குமிழுக்குப் பக்கத்தில் தகட்டின்மேல் சிவப்பாக ஒரு கோடு இழுத்தார். "இதைத் தாண்டினா கைய ஒடிப்பேன்." அந்தக் கோடு ஒரு சட்டமாகிவிட்டது. எந்த இடம், எந்த மைக், யார் பேசுகிறார் என்ற கேள்வியெல்லாம் அதோடு முடிந்தது.

இந்தத் தொழிலின் சரித்திரத்தைத் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கோடுதான் நினைவுக்கு வருகிறது. ஒவ்வொரு காலத்துக் கருவியும் ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறது. கருவி போய்விட்டது, கோடு இருக்கிறது.

அந்தச் சரித்திரத்தை எங்கள் ஊர்ச் சாலையிலேயே தொடங்கலாம். சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கிப் போகிற இடம். எங்கள் ஊர்ப் பெயரே இந்தச் சாலையால் வந்ததுதான். பூந்தமல்லி நெடுஞ்சாலை என்றும் சொல்கிற அதில் இங்கிருந்து கிழக்கே போனால் மதுரவாயல், கோயம்பேடு, அமைந்தகரை தாண்டிக் கீழ்ப்பாக்கம். நகரத்துக்குள் அதே சாலைக்கு இன்று பெரியார் ஈ.வெ.ரா. பெயர். அந்தக் கீழ்ப்பாக்கத்தில்தான் 1934-இல் ஏ. நாராயணன் ஸ்ரீநிவாஸா சினிடோன் என்ற ஸ்டூடியோவைத் தொடங்கினார். 'சவுண்ட் சிட்டி' என்றும் அதற்குப் பெயர். முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' 1931-இல் வந்துவிட்டது. ஆனால் அது பம்பாயில் எடுத்தது. சென்னையிலேயே எடுத்த முதல் தமிழ்ப் பேசும்படம், நாராயணனின் 'ஸ்ரீநிவாஸ கல்யாணம்', 1934. அதற்கு ஒலிப்பதிவு செய்தவர் அவருடைய மனைவி மீனாட்சி. இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் என்று அவரைச் சொல்கிறார்கள். எங்கள் தொழிலின் மூலவர் ஒரு பெண்மணி, அவர் வேலை பார்த்தது எங்கள் ஊர் வழியே போகிற சாலையில் என்பது எனக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. நான் வேலை கற்ற இடத்தில் பெண்கள் பாடும் அறைக்குள் வருவார்கள். கன்சோல் பக்கம் ஒருவரும் உட்கார்ந்து பார்த்ததில்லை.

மீனாட்சி அம்மையாருக்கு முந்திய தலைமுறைக்கு இந்தக் குமிழே கிடையாது. 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியபோது முன்னால் இருந்தது மைக் அல்ல, தகரக் கூம்பு. குரலின் காற்றே ஊசியை ஆட்டி மெழுகில் கோடு கிழிக்க வேண்டும். லெவல் வைப்பது என்றால் பாடகரை முன்னே இழுப்பது, பின்னே தள்ளுவது, அவ்வளவுதான். உச்சம் வரும்போது தலையைப் பின்னால் வாங்கச் சொல்வார்கள். வயலின் சத்தம் போதாது என்று அதற்கே கூம்பு மாட்டிய ஸ்ட்ரோ வயலின் உலகமெங்கும் பதிவறைகளில் புழங்கியது. 1925-இல் மின்சாரப் பதிவு வந்தபிறகுதான் பதிவறைக்குள் மைக்கும் வால்வு ஆம்ப்ளிஃபயரும் வந்தன. பெருக்கலாம் என்று ஆனதும், எவ்வளவு பெருக்குவது என்ற கேள்வியும் பிறந்தது.

படத்துக்கான பதிவு இன்னொரு தினுசு. குரல் மின்சாரமாகி, மின்சாரம் வெளிச்சமாகி, பிலிமின் ஓரத்தில் மெல்லிய தடமாக விழும். அந்தத் தடத்துக்கு அகலம் இவ்வளவுதான் என்று அளவு உண்டு. குரல் மிஞ்சினால் அலை தடத்தின் விளிம்பில் முட்டி மொட்டையாகும். பிலிமைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாலே கூர் மழுங்கியது கண்ணுக்குத் தெரியும். குரல் தாழ்ந்தாலோ பிலிமின் தூசியும் கீறலும் 'சர்சர்' என்று மேலே வந்துவிடும். பதிவாளர் ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். ஆனால் பிலிமில் என்ன விழுந்தது என்பது நெகடிவ் லேபுக்குப் போய்க் கழுவி, பிரிண்ட் எடுத்துப் போட்ட பிறகே தெரியும். அதற்குள் நடிகர் வேஷம் கலைத்து வீட்டுக்குப் போயிருப்பார், செட்டைக் கூடப் பிரித்திருக்கலாம். இன்று நான் தப்பாகப் பதிந்தால் 'ஒன் மோர்' என்று கேட்கலாம். அவர்கள் முன்கூட்டியே ஊகிக்க வேண்டியிருந்தது.

ஊகிக்க வேண்டிய குரல்களோ எப்படிப்பட்டவை! நாடகக் கொட்டகையில் மைக் இல்லாமல் தரை டிக்கெட்டின் கடைசி ஆள் வரைக்கும் கேட்கப் பாடியவர்கள். எம்.கே. தியாகராஜ பாகவதர் 1934-இல் 'பவளக்கொடி'யோடு படத்துக்கு வந்தார், கே.பி. சுந்தராம்பாள் 1935-இல் 'நந்தனார்'. இவர்களுக்கு எதிரே வைத்த மைக்குக்குப் பெருக்கல் அதிகம் தேவைப்பட்டிருக்காது, தூரம்தான் தேவை. அன்றைய வால்வு ஆம்ப்ளிஃபயரின் இரைச்சலுக்கும் அந்தக் கணீர்க் குரல்களுக்கும் ஒரு பொருத்தம் இருந்தது. மெல்லப் பாடினால் இரைச்சல் விழுங்கிவிடும். ஆகவே பழைய படங்களில் எல்லோரும் கத்திப் பாடினார்கள் என்று கேலி பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: மெல்லப் பாடியவர்களின் பாட்டைத் தடம் ஏற்கவில்லை.

பிறகு அதே கீழ்ப்பாக்கத்தில் நியூடோன் ஸ்டூடியோ வந்தது. அதன் கூட்டாளிகளில் ஒருவரே ஒலிப்பதிவாளர், தின்ஷா கே. டெஹ்ரானி. 1938-இல் ஏவி. மெய்யப்பனின் 'நந்தகுமா'ரில் பின்னணிப் பாடல் முறை தமிழுக்கு வந்தது. அந்த வருடம் ஜூன் 16 அன்று சென்னை வானொலி நிலையமும் தொடங்கியது. பாடுகிறவர் காமிராவிலிருந்து விடுபட்டு மைக்குக்கு ஒரு சாண் பக்கத்தில் வந்து நிற்கலாம் என்று ஆனது. மைக்கும் ப்ரீஆம்ப்பும் அமைதியாக ஆக ஆக, குரலும் இறங்கியது. ஏ.எம். ராஜா, பி.பி. ஸ்ரீநிவாஸ் போன்றவர்களின் குரலை நாடகக் கொட்டகையில் நினைத்துப் பாருங்கள். மூன்றாவது வரிசை தாண்டாது. அந்த மூச்சுக்காற்று கலந்த மென்மையை நமக்குக் கொடுத்ததில் பாதிப் புண்ணியம் பாடகர்களுக்கு, மீதி இரைச்சல் இல்லாமல் பெருக்கக் கற்ற பெட்டிக்கு. டி.எம். சௌந்தரராஜன் அதே மைக்கின் முன் வந்து நின்றால் குமிழ் எங்கே போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் எஸ். ஜானகியின் குரலும் சேர்ந்து வரும் ஆபேரிப் பாட்டை எல்லோரும் ராகத்துக்காகக் கேட்பார்கள். நான் விகிதத்துக்காகக் கேட்பேன். கோயில் பிராகாரத்துக்கென்று பிறந்த வாத்தியம் அது. நல்ல மைக்காக இருந்தால் பத்து மடங்குப் பெருக்கலே அதற்குத் தாராளம். குரலுக்கோ அதைப்போல் பல மடங்கு வேண்டும். பாட்டில் இருவரும் சமமாக நின்று பேசுகிறார்கள். எஸ்.எம். சுப்பையா நாயுடுவின் இசையைப் புகழ்ந்து எழுதியவர்களில் எவரும் இதை எழுதி நான் படித்ததில்லை.

நான் கோடம்பாக்கத்தில் ஒரு ரெக்கார்டிங் தியேட்டரில் உதவியாளாகச் சேர்ந்தது 1983. காலை ஏழு மணி கால்ஷீட். கேபிள் சுற்றுவது, மைக் நிறுத்துவது, கன்சோலில் ஃபேடர்களுக்குக் கீழே வெள்ளை டேப் ஒட்டி 'வயலின் 1', 'தபலா', 'குரல்' என்று பென்சிலால் எழுதுவது என் வேலை. எங்கள் ரெக்கார்டிஸ்ட் பெரியவர் லெவல் பார்க்கும் அழகே தனி. மானிட்டர் என்கிற ஒத்திகை பார்க்கும்போது, "பல்லவி வேணாம், எங்க ரொம்பச் சத்தமா வாசிப்பீங்களோ அத வாசிங்க" என்பார். வாசித்ததும் இன்னும் கொஞ்சம் குறைப்பார். "ஏன் சார் குறைக்கறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "டேக்னு சொன்னா இன்னும் ஏறுவான்டா தம்பி. மியூசிக் டைரக்டர் பக்கத்துல வந்து நின்னா அதுக்கும் மேல."

அவர் பார்த்த ஊசி வி.யு. மீட்டர். பெல் ஆய்வுக்கூடமும் சிபிஎஸ், என்பிசி வானொலி நிறுவனங்களும் சேர்ந்து 1939-இல் அமெரிக்காவில் வகுத்த அளவு. அந்த ஊசி ஒரு சத்தத்துக்கு முழுதாக எழும்ப 0.3 நொடி எடுத்துக்கொள்ளும்படி செய்தது. பேச்சுக்கும் பாட்டுக்கும் அது பொருத்தம்; காது உணர்கிற சத்தத்துக்குப் பக்கத்தில் நிற்கும். நம்முடைய தவிலை அந்த மீட்டரை வகுத்தவர்கள் எங்கே கேட்டார்கள்? தவிலில் கூடு போட்ட விரல் வலந்தலையில் விழும் அடி ஊசி கிளம்புவதற்குள் முடிந்துவிடும். ஊசி சோம்பலாகப் பாதி தூரம் எழும். நிஜ உச்சம் அதற்கு 10 டெசிபெல், சில சமயம் அதற்கும் மேலே போயிருக்கும். நாடாவில் பதிந்த காலத்தில் இது பெரிய பாவமாகத் தெரியவில்லை. காந்த நாடா மிஞ்சிய சத்தத்தைக் கொஞ்சம் அமுக்கி வாங்கிக்கொள்ளும், கேட்கவும் சுகமாக இருக்கும். அதற்கு எதிர்ப்பக்கம், நாடாவுக்கென்று ஒரு 'உஸ்' இரைச்சல் உண்டு. ஆகவே முடிந்தவரை சூடாகப் பதிவு செய், ஊசி சிவப்பைத் தொட்டுத் தொட்டு வரட்டும் என்பது அந்தக் காலத்து நெயில் பாலிஷ் கோடு. அது சரியான கோடு. நாடாவுக்கு.

1996-இல் தனியாக ஒரு மங்கல இசை கேசட் எடுக்கப் போனேன். நாகஸ்வரம் ஒன்று, தவில் இரண்டு. வாடகைக்கு எடுத்தது 16 பிட் டிஜிட்டல் மெஷின். பழக்க தோஷம், பெரியவரின் கோட்டையே போட்டேன், ஊசி சிவப்பைத் தொடும்படி. தனி ஆவர்த்தனம் பிரமாதமாக நடந்தது, நானும் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். திரும்பப் போட்டால் ஒவ்வொரு பெரிய அடியும் தகரத்தில் ஆணி விழுந்த மாதிரி 'டிக்' என்றது. டிஜிட்டலுக்கு நாடாவின் தாட்சண்யம் கிடையாது. உச்ச எண்ணுக்கு மேலே எண்ணே இல்லை. அங்கே அலை வெட்டுப்படும். வித்வான்கள் சாயங்காலம் திருவள்ளூரில் கல்யாணக் கச்சேரிக்குப் புறப்பட்டுவிட்டார்கள். தனி இல்லாமலேயே கேசட் வெளியானது. குற்றம் மெஷினுடையது அல்ல, என்னுடையது. என் குருவின் விதியை, அது எதற்காக ஏற்பட்டது என்று கேட்காமல் சுமந்துகொண்டு போனேன்.

அந்த 16 பிட் காலத்துக்கும் ஒரு கோடு உண்டு. ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபெல் வீதம் 96 டெசிபெல் இடம். கீழே இறங்கினால் பிட்டுகள் வீணாகும் என்று பயந்து, உச்சத்தை விளிம்புக்கு ஒரு விரல் கீழே நிறுத்தப் பாடுபட்டோம். ஏ.ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்து வீட்டில் 1989-இல் பஞ்சதன் ஸ்டூடியோ கட்டி, 1992-இல் 'ரோஜா' வந்தபின், பெரிய தியேட்டரில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்கும் முறை மெல்லத் தேய்ந்தது. ஒவ்வொருவராக வந்து தனித்தனியே பதிந்துவிட்டுப் போனார்கள். கெயின் வைக்கிற நெருக்கடியும் அதோடு தளர்ந்தது. தப்பினால் அந்த ஒருவரை மட்டும் திரும்ப வாசிக்கச் சொன்னால் போதும். ரஹ்மானோடு நெடுங்காலம் வேலை செய்த ஹெச். ஸ்ரீதரின் கலவைகளில் எதுவும் முட்டி மோதாமல் மூச்சு விட இடம் இருக்கும். 'மகாநதி'க்கும் 'உயிரே'வின் இந்தி மூலமான 'தில் சே'வுக்கும் தேசிய விருது வாங்கியவர். 2008 டிசம்பர் 1 அன்று போய்விட்டார், வயதாகாமலே.

இப்போது என் மேசையில் இருப்பது 24 பிட் பெட்டி. காகிதக் கணக்கில் 144 டெசிபெல், நடைமுறையில் 120-க்குப் பக்கம். அதைச் செய்த ஃபோகஸ்ரைட் கம்பெனியை 1985-இல் தொடங்கியவர் ரூபர்ட் நீவ். 1970-இல் அவர் வடித்த 1073 ப்ரீஆம்ப்பின் சிவப்புக் குமிழ் உலகமெங்கும் பிரசித்தம். படிப்படியாக 'டக் டக்' என்று 5 டெசிபெல் ஏறும். அந்தப் படிகளை இன்றும் கம்ப்யூட்டர் திரையில் படமாக வரைந்து விற்கிறார்கள், வாங்குகிறார்கள். என்னிடமும் ஒன்று இருக்கிறது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

24 பிட்டில் பேச்சின் சராசரி மைனஸ் 18-இல் நின்றால் போதும், உச்சம் மைனஸ் 10-ஐத் தாண்ட வேண்டாம். எந்த பிட்டும் வீணாகாது. இந்த அறையின் தரை இரைச்சல் பெட்டியின் இரைச்சலைவிட எவ்வளவோ மேலே. பெங்களூர் லாரி ஒன்று போனால் கட்டிலே அதிரும். அதற்காக 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி வைக்கிறேன். ஒருமுறை மலிவான கேபிள் ஒன்றில் கெயினை ஏற்றியபோது குரலுக்குப் பின்னால் யாரோ செய்தி வாசித்தார்கள். ஆவடியில் இருக்கிற வானொலியின் ஒலிபரப்புக் கோபுரம் என் மைக் வழியாக வந்துவிட்டது! கேபிளை மாற்றினேன், வாசிப்பவர் போய்விட்டார். இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, வீட்டில் ஸ்டூடியோ போடுகிற பிள்ளைகள் இன்னமும் வளையம் சிவப்பைத் தொடும்வரை ஏற்றுகிறார்கள். கேட்டால், "அப்பதான் அண்ணே ஃபுல் சிக்னல் கிடைக்கும்" என்கிறார்கள். அவர்கள் நாடாவைக் கண்ணால் பார்த்ததில்லை. நாடாவின் கோடு மட்டும் எப்படியோ அவர்கள் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

2019-இல் ஜூம் கம்பெனி எஃப்6 என்றொரு பதிவுக் கருவி கொண்டுவந்தது. 32 பிட் ஃப்ளோட். எவ்வளவு கத்தினாலும் பிறகு இறக்கிக்கொள்ளலாம், கெயினே வைக்க வேண்டாம் என்கிறார்கள். பெரும்பாலும் நிஜம்தான். படப்பிடிப்புக்குப் போகிற பையன்களை வாங்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால் மைக் திணறினால் அதுவும் திணறலைத்தான் பதியும். பேசுகிறவரிடம் சண்டைக் காட்சியை முதலில் கேட்கிற வேலையை அது எனக்கு மிச்சப்படுத்தவும் இல்லை. அவர் எவ்வளவு சத்தம் போடுவார் என்று அறிவதற்காக மட்டும் நான் அதைக் கேட்பதில்லை. மைக்கிலிருந்து எத்தனை விரற்கடை தள்ளி நிறுத்துவது என்பதும் அதில்தான் தெரியும்.

அப்பாவின் அகூஜா இன்னும் வேலை செய்கிறது. ஆடி மாதம் தம்பி மகன் கோயிலுக்கு எடுத்துப் போகிறான். குழாய் ஸ்பீக்கர்கள் இதுவரை மூன்று முறை மாறிவிட்டன, மைக் ஐந்தாவதோ ஆறாவதோ. நெயில் பாலிஷ் கோடு அதே இடத்தில் இருக்கிறது. அவனும் அதைத் தாண்டுவதில்லை.